ஒராங் உட்டான்களைக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது ஏன் இலகுவானதல்ல?

மலாய் மொழியில் 'ஒராங்' என்பது மனிதனையும் 'ஹுட்டான்' என்பது காட்டையும் குறிக்கும். போர்னியோ, சுமாத்ரா ஆகிய இரு தீவுகளின் மழைக்காடுகளில் மாத்திரமே இயற்கையாக வாழ்கின்ற, செந்நிற உரோமம் கொண்ட வாலில்லாக் குரங்குக்கு 'காட்டு மனிதன்' எனப் பொருள்படும் ஒராங் உட்டான் என்ற பெயர் இவ்விரு சொற்களிலிருந்தே வந்தது. ஆனால், இந்தக் காட்டு மனிதர்களில் நூற்றுக்கணக்கானவை இன்று காட்டில் இல்லை. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலுமுள்ள புனர்வாழ்வு நிலையங்களில், மனிதரின் கைகளிலிருந்து உணவு பெற்று, மீண்டும் காடு செல்லும் நாளுக்காக அவை காத்திருக்கின்றன.

காயம்பட்ட பறவையொன்றைப் பராமரித்துப் பின்னர் பறக்கவிடுவது போல, இவற்றையும் கூண்டைத் திறந்து காட்டுக்குள் அனுப்பிவிடலாமே எனப் பலரும் எண்ணக்கூடும். உண்மையில் ஒரு ஒராங் உட்டான் குட்டியை மீண்டும் காட்டு விலங்காக்குவதற்கு ஏழு, எட்டு ஆண்டுகளும் சில வேளைகளில் அதனிலும் கூடிய காலமும் தேவைப்படுகின்றது. அவ்வளவு காலமும் பணமும் உழைப்பும் செலவிட்ட பின்னரும், அதனை எந்தக் காட்டில் விடுவது என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. இந்த முயற்சியின் உண்மையான நெருக்கடி அக்கேள்வியிலேயே அடங்கியுள்ளது.

அநாதைகள் உருவாகும் விதம்

ஒராங் உட்டான்களில் மூன்று இனங்கள் உள்ளன. போர்னியோ இனம், சுமாத்ரா இனம் என்பவற்றோடு, வட சுமாத்ராவின் பத்தாங் தோரு காட்டில் வாழும் தப்பானுலி இனம் 2017ஆம் ஆண்டிலேயே தனியினமாக விஞ்ஞானிகளால் அறிவிக்கப்பட்டது. தப்பானுலி இனத்தில் எஞ்சியிருப்பவை 800க்கும் குறைவானவையே எனக் கணிக்கப்பட்டுள்ளது. இம்மூன்று இனங்களுமே அழிவின் விளிம்பிலுள்ளவையாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. 1999ஆம் ஆண்டுக்கும் 2015ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் போர்னியோவில் மாத்திரம் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான ஒராங் உட்டான்கள் அற்றுப்போயின என 2018இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

இவ்வழிவுக்குக் காரணங்கள் பல. மரம் தறித்தல், எண்ணெய்ப் பனைத் தோட்டங்களின் விரிவாக்கம், சுரங்கங்கள், காட்டுத்தீ என்பன அவற்றுள் முக்கியமானவை. மத்திய கலிமந்தானில், உக்கிய தாவரப் படிவுகளாலான சதுப்புநிலக் காடுகளில் 10 இலட்சம் ஹெக்டேயரை நெல்வயல்களாக்கும் பாரிய திட்டமொன்றை ஜனாதிபதி சுகார்த்தோவின் அரசாங்கம் 1990களின் நடுப்பகுதியில் ஆரம்பித்தது. கால்வாய்கள் வெட்டப்பட்டு நிலம் வரண்டது. நெல் விளையவில்லை. வரண்ட அந்நிலமே 1997ஆம் ஆண்டின் பெருந்தீக்கு இரையானது. 2015ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் மீண்டும் மூண்ட தீயில் ஏறத்தாழ 26 இலட்சம் ஹெக்டேயர் நிலம் எரிந்தது.

காட்டை இழந்த விலங்கு உணவு தேடித் தோட்டத்துக்குள் நுழைகின்றது. அங்கு அது பயிரை அழிக்கும் பகையாகக் கருதப்பட்டுக் கொல்லப்படுகின்றது. தாயின் உரோமத்தை இறுகப் பற்றியவாறே ஒராங் உட்டான் குட்டி தன் வாழ்வின் முதல் ஆண்டுகளைக் கழிக்கின்றது. எனவே, தாயைக் கொல்லாமல் குட்டியைப் பறிப்பது ஏறத்தாழ இயலாத காரியம். சந்தையில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குட்டியின் பின்னாலும் கொல்லப்பட்ட தாயொன்று இருக்கின்றது என்பதை மறந்துவிடலாகாது.

இந்த வர்த்தகம் உள்ளூரோடு நின்றுவிடவில்லை. 1980களின் பிற்பகுதியில், தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தோன்றிய ஒராங் உட்டானால் கவரப்பட்டுத் தாய்வானில் இவற்றைச் செல்லப்பிராணிகளாக வளர்க்கும் மோகம் பரவியது. ஆயிரம் அளவிலான குட்டிகள் அங்கு கடத்தப்பட்டதாக மதிப்பிடப்படுகின்றது. தாய்லாந்தின் பாங்கொக் நகரிலுள்ள கேளிக்கைப் பூங்காவொன்றில் குத்துச்சண்டைக் காட்சிக்குப் பயன்படுத்தப்பட்ட ஒராங் உட்டான்கள் 2004ஆம் ஆண்டில் சர்ச்சைக்குள்ளாகின. அவற்றில் 48 விலங்குகள் 2006 நவம்பரில் இந்தோனேசியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

தாயிடம் கற்கும் கல்வி

தாயை இழந்த குட்டி பாலை மாத்திரம் இழப்பதில்லை. தன் கல்வியையும் இழக்கின்றது. பெண் ஒராங் உட்டான் ஏழு அல்லது எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே குட்டி ஈனுகின்றது. தரைவாழ் பாலூட்டிகளுள் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறெதற்கும் இல்லை எனலாம். அந்த ஆண்டுகள் முழுவதும் குட்டி தாயுடனேயே இருந்து வாழக் கற்றுக்கொள்கின்றது.

எந்த மரம் எந்தப் பருவத்தில் காய்க்கும், எந்தக் காயை எவ்வாறு உடைக்க வேண்டும், பழமற்ற மாதங்களில் எந்த மரப்பட்டையை உரித்துத் தின்னலாம், கறையானை எங்கே தேடுவது என்பன யாவும் பிறப்போடு வருபவையல்ல. ஒரு காட்டில் வாழும் ஒராங் உட்டானின் உணவுப் பட்டியலில் 200க்கும் மேற்பட்ட வகைகள் அடங்குகின்றன. ஒவ்வொரு மாலையும் உயர்ந்த மரத்தில் கிளைகளை வளைத்து, இலைகளைப் பரப்பி, புதிதாகக் கூடு கட்டியே அது உறங்குகின்றது. உறுதியற்ற கூடு கட்டினால் விழுந்து மடிய நேரும். தரையில் உறங்கப் பழகினால், சுமாத்ராவில் புலிக்கு இரையாக நேரும்.

இவ்விலங்கின் அறிவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு அண்மைக்கால உதாரணமொன்று உண்டு. சுமாத்ராவின் சுவாக் பலிம்பிங் ஆய்வுப் பகுதியில் 2022 ஜூன் மாதத்தில் முகத்தில் காயமுற்ற 'ராக்குஸ்' என்ற ஆண் ஒராங் உட்டான், உள்ளூர் மக்களும் மருந்தாகப் பயன்படுத்தும் கொடியொன்றின் இலைகளை மென்று, அதன் சாற்றைக் காயத்தின் மீது திரும்பத் திரும்பப் பூசியதை ஆய்வாளர்கள் அவதானித்தனர். காயம் சில நாட்களிலேயே மூடிக்கொண்டது. இந்த அவதானிப்பு 2024இல் வெளியிடப்பட்டபோது உலகின் கவனத்தை ஈர்த்தது. இத்தகைய அறிவுக்கு வாரிசாக வேண்டிய குட்டியே கூண்டுக்குள் பாணும் இனிப்புப் பானமும் உண்டு வளர்கின்றது.

காட்டுப் பாடசாலை

மீட்கப்படும் விலங்கு முதலில் தனிமைப்படுத்தப்படுகின்றது. மனிதருக்கு வரும் காசநோய், ஈரல் அழற்சி, சுவாச நோய்கள் ஆகியன ஒராங் உட்டானையும் தொற்றக்கூடியவை. வீட்டில் வளர்க்கப்பட்ட விலங்கொன்று காட்டுக்குள் கொண்டுசெல்லும் ஒரு கிருமி அங்குள்ள முழுக் கூட்டத்தையும் பாதிக்கலாம். எனவே, இரத்தப் பரிசோதனை, ஊடுகதிர்ப் படம் என்பவற்றின் பின்னரே அடுத்த கட்டம் ஆரம்பமாகின்றது. கொவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டில், தொற்று அச்சம் காரணமாகக் காட்டுக்கு விடுவிக்கும் பணிகள் இடைநிறுத்தப்பட்டன. மறு ஆண்டில் அவை மீள ஆரம்பிக்கப்பட்டபோது, வழியிலுள்ள கிராமங்களைத் தவிர்ப்பதற்காக விலங்குகள் ஹெலிகொப்டர் மூலம் கொண்டுசெல்லப்பட்டன.

மத்திய கலிமந்தானின் பலங்கராயா நகருக்கு அண்மையில் 1999ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நியாரு மென்தெங் நிலையம் இத்துறையில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகும். ஒரு காலத்தில் 500க்கும் மேற்பட்ட ஒராங் உட்டான்கள் அங்கு பராமரிக்கப்பட்டன. சிறு குட்டிகளுக்குத் தாயின் இடத்தில் உள்ளூர்ப் பெண்கள் பணியாற்றுகின்றனர். புட்டிப்பால் ஊட்டுவதோடு அவர்களது கடமை முடிவதில்லை. காலையில் குட்டிகளை அருகிலுள்ள காட்டுக்கு அழைத்துச் சென்று, மரமேறத் தூண்டி, தின்னத்தக்க இலைகளையும் பழங்களையும் காட்டிக்கொடுத்து, மாலையில் திருப்பி அழைத்து வருகின்றனர். இதனையே 'காட்டுப் பாடசாலை' என்கின்றனர். முதலில் சிறு பற்றைகள், பின்னர் உயர்ந்த மரங்கள், இறுதியில் காட்டிலேயே இரவைக் கழித்தல் எனப் பயிற்சி வகுப்பு வகுப்பாக உயர்கின்றது.

இங்கு பராமரிப்பாளர் எதிர்கொள்ளும் முரண்பாடு கவனிக்கத்தக்கது. அன்பின்றி வளரும் குட்டி நோயுற்று மடிந்துவிடும். அளவுக்கு மிஞ்சிய அன்போடு வளரும் குட்டியோ மனிதரை நம்பப் பழகிவிடும். காட்டில் மனிதரை நம்பும் ஒராங் உட்டான் வேட்டைக்காரனையும் நம்பும். எனவே, குட்டி வளர வளர, அதனை அணைத்து வளர்த்த அதே கைகள் படிப்படியாக விலக வேண்டியிருக்கின்றது. தன்னை மறந்துவிடுமாறு ஒரு பிள்ளையை வளர்ப்பது போன்றது இப்பணி.

பாடசாலையை முடித்தவை ஆற்றிடைத் தீவுகளுக்கு மாற்றப்படுகின்றன. ஒராங் உட்டானுக்கு நீந்தத் தெரியாது என்பதால் நீரே வேலியாகின்றது. அங்கு மனிதத் தொடர்பு மிகக் குறைவு. தானாக உணவு தேடுகின்றதா, கூடு கட்டுகின்றதா, மரங்களின் மேலேயே நடமாடுகின்றதா, மனிதரைக் கண்டால் ஒதுங்குகின்றதா என்பன பல மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் அவதானிக்கப்படுகின்றன. அத்தேர்வில் தேறியவையே விடுவிக்கத் தெரிவு செய்யப்படுகின்றன.

விடுவித்த பின்னர்

விடுவிக்கப்படும் விலங்கின் தோலுக்கடியில், தோள்களுக்கிடையே, சிறு சமிக்ஞைக் கருவியொன்று பொருத்தப்படுகின்றது. கண்காணிப்புக் குழுவினர் அச்சமிக்ஞையைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் செல்கின்றனர். ஒராங் உட்டான் காலையில் கூட்டைவிட்டு எழுந்தது முதல் மாலையில் அடுத்த கூட்டைக் கட்டும் வரை, அது என்ன தின்றது, எவ்வளவு உயரத்தில் நடமாடியது என்பதெல்லாம் குறித்துக்கொள்ளப்படுகின்றது. ஆனால், கருவியின் மின்கலம் ஓரிரு ஆண்டுகளே உழைக்கும். அடர்ந்த காட்டிலும் மலைப்பாங்கான நிலத்திலும் சமிக்ஞை எளிதில் தொலைந்துவிடும். அவ்வாறு தொலைந்த விலங்கு வாழ்கின்றதா, மடிந்ததா என உறுதியாகக் கூறுவது கடினம்.

ஆகவே, விடுவிக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை வெற்றியின் அளவுகோலாகாது. விடுவிக்கப்பட்ட பெண் காட்டிலேயே கருவுற்று, ஈன்ற குட்டியைத் தானே வளர்த்து ஆளாக்குவதே உண்மையான வெற்றியாகும். அவ்வகையில் ஆறுதல் தரும் செய்திகள் இல்லாமலில்லை. மத்திய கலிமந்தானின் புக்கிட் பத்திக்காப் காட்டில் 2012ஆம் ஆண்டு முதலும், புக்கிட் பாக்கா புக்கிட் ராயா தேசிய பூங்காவில் 2016ஆம் ஆண்டு முதலும் விடுவிக்கப்பட்டவற்றுள் பல தாய்மையடைந்துள்ளன. தாயிடம் கற்காத தாய் தன் குட்டிக்குக் காட்டைக் கற்பிக்கின்றாள். ஒராங் உட்டான் நீண்டகாலத்துக்கு முன்பே அற்றுப்போன சுமாத்ராவின் புக்கிட் திகாபுலுவிலும், ஆச்சே மாநிலத்தின் ஜந்தோவிலும் மீட்கப்பட்ட விலங்குகளைக் கொண்டே புதிய கூட்டங்கள் உருவாக்கப்பட்டு வருகின்றன.

கடந்தகாலத் தவறுகள் தந்த பாடம்

இன்றைய நடைமுறைகள் ஒரே நாளில் உருவானவையல்ல. சரவாக்கில் பார்பரா ஹரிசன் என்ற அம்மையார் 1950களின் இறுதியிலும் 1960களிலும் பறிமுதல் செய்யப்பட்ட குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குப் பழக்க முயன்றார். சபா மாநிலத்தின் செப்பிலொக் நிலையம் 1964இல் ஆரம்பிக்கப்பட்டது. பிருத்தே கல்டிகாஸ் 1971இல் போர்னியோவின் தஞ்சோங் புத்திங்கில் தமது முகாமை அமைத்தார். சுமாத்ராவின் பொஹோரொக்கில் 1973இல் மற்றொரு நிலையம் உருவானது.

அக்காலத்தில் மீட்கப்பட்டவை, காட்டு ஒராங் உட்டான்கள் ஏற்கெனவே வாழும் காடுகளிலேயே விடப்பட்டன. மேடை அமைத்து நாள்தோறும் வாழைப்பழமும் பாலும் கொடுக்கப்பட்டன. அம்மேடைகள் சுற்றுலாப் பயணிகளைக் கவர்ந்தன. பயணிகள் வந்ததும் விலங்குகள் காட்டுக்குள் செல்ல மறந்தன. சில, மனிதரின் பைகளைப் பறிக்கவும் கடிக்கவும் பழகின. நோய் பரவும் அபாயமும் கூடியது. வெவ்வேறு பிரதேசங்களைச் சேர்ந்த உபவகைகள் ஒன்றோடொன்று கலந்தன. தஞ்சோங் புத்திங்கில் விடுவிக்கப்பட்ட சில பெண் விலங்குகள் போர்னியோவின் வேறு பகுதிக்குரிய உபவகையைச் சேர்ந்தவை என்பதும், அவற்றின் வம்சம் அங்கு பெருகியுள்ளது என்பதும் 2016இல் வெளியான மரபணு ஆய்வொன்றில் தெரியவந்தது.

இத்தகைய அனுபவங்களின் அடிப்படையில், காட்டு ஒராங் உட்டான்கள் வாழாத காடுகளிலேயே மீட்கப்பட்டவை விடுவிக்கப்பட வேண்டுமென இந்தோனேசிய வனத்துறை அமைச்சு 1995இல் விதித்தது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2007இல் வாலில்லாக் குரங்குகளைக் காட்டில் மீளக் குடியமர்த்துவதற்கான வழிகாட்டல்களை வெளியிட்டது. நியாயமான இவ்விதிகள் மற்றொரு சிக்கலையும் தோற்றுவித்தன. ஒராங் உட்டான் வாழத் தகுந்த, ஆனால் ஒராங் உட்டான் இல்லாத, தறிக்கவும் எரிக்கவும் படாத காடு எங்கே இருக்கின்றது?

காடு எங்கே?

2007 டிசம்பரில் பாலியில் நடைபெற்ற காலநிலை மாநாட்டின்போது ஜனாதிபதி சுசிலோ பம்பாங் யுதயோனோ ஒராங் உட்டான் பாதுகாப்புத் திட்டமொன்றை அறிவித்தார். புனர்வாழ்வு நிலையங்களிலுள்ள விலங்குகள் யாவும் 2015ஆம் ஆண்டளவில் காட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்று. அந்த ஆண்டு வந்தது. நிலையங்கள் மூடப்படவில்லை. மாறாக, அவ்வாண்டின் காட்டுத்தீ புதிய அநாதைகளையே அனுப்பிவைத்தது.

1999இல் ஆரம்பிக்கப்பட்ட நியாரு மென்தெங்கில் வளர்ந்தவை 2012இலேயே முதன்முறையாகக் காட்டில் விடப்பட்டன என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். கிழக்கு கலிமந்தானில் பொருத்தமான காட்டைப் பெறுவதற்காக, பாதுகாப்பு அமைப்பினரே ஒரு கம்பனியை நிறுவி, 2010இல் கெஹ்ஜே செவென் என்ற 86,450 ஹெக்டேயர் காட்டுக்கான மீளமைப்பு உரிமத்தை அரசாங்கத்திடமிருந்து பணம் செலுத்திப் பெற வேண்டியிருந்தது. காட்டு மனிதனைக் காட்டில் குடியேற்றுவதற்குக் காட்டையே விலைகொடுத்துப் பெற நேர்ந்தமை காலத்தின் கோலம் எனலாம்.

எல்லா விலங்குகளும் திரும்பிச் செல்லக்கூடியவையும் அல்ல. 2019 மார்ச்சில் ஆச்சேயில் மீட்கப்பட்ட தாய் ஒராங் உட்டானின் உடலில் காற்றுத் துப்பாக்கி ரவைகள் 74 இருந்தன. கண்கள் இரண்டும் பார்வையிழந்திருந்தன. அதன் குட்டி போசாக்கின்மையால் மடிந்தது. 'ஹோப்' எனப் பெயரிடப்பட்ட அந்தத் தாய் இனிக் காடு காணப்போவதில்லை. இவ்வாறு ஊனமுற்றவையும், காசநோய், ஈரல் அழற்சி ஆகியவற்றால் பீடிக்கப்பட்டவையும், கூண்டுக்குள்ளேயே முதுமையடைந்தவையும் ஆயுள் முழுவதும் பராமரிக்கப்பட வேண்டியவை. ஒராங் உட்டான் 50 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்பதை எண்ணிப் பார்த்தால் இச்சுமையின் அளவு புலப்படும்.

எனவேதான், இவ்வளவு பணத்தை அநாதைகளுக்குச் செலவிடுவதிலும் எஞ்சியுள்ள காட்டைக் காப்பதற்குச் செலவிடுவது மேலல்லவா என்ற வாதம் எழுகின்றது. நீண்டகால நோக்கில் வாழிடத்தைக் காப்பதே செலவு குறைந்த வழி என்ற முடிவுக்கே 2014இல் வெளியான ஆய்வொன்றும் வந்தது. இவ்வாதத்தில் நியாயமுண்டு. ஆயினும், நிலையங்களை மூடிவிடுவது அதற்கு விடையாகாது. பறிமுதல் செய்த குட்டியை ஒப்படைக்க இடமில்லாவிடின் எந்த அதிகாரியும் பறிமுதல் செய்ய முன்வரமாட்டார். சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும். அத்துடன், விடுவிப்பதற்காகத் தெரிவு செய்யப்பட்ட காடுகள் அந்தக் காரணத்தினாலேயே வாளுக்கும் தீக்கும் தப்பி நிற்கின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை.

சட்டமும் சந்தையும்

ஒராங் உட்டானைக் கொல்வதும் வைத்திருப்பதும் இந்தோனேசியாவில் ஒல்லாந்தர் ஆட்சிக்காலமான 1931ஆம் ஆண்டிலிருந்தே தடை செய்யப்பட்டுள்ளது. 1990ஆம் ஆண்டின் சட்டம் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தது. 2024இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஆயினும், மீட்கப்பட்ட குட்டிகளின் தொகையோடு ஒப்பிடும்போது தண்டிக்கப்பட்டோரின் தொகை மிகச் சொற்பமாகவே இருந்து வந்துள்ளது. இந்நிலையில், இந்தோனேசிய உலமா சபை 2014ஆம் ஆண்டில் அழிவுறும் நிலையிலுள்ள உயிரினங்களைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என பத்வா வழங்கியமை குறிப்பிடத்தக்கது. அரசாங்கத்தின் கை எட்டாத கிராமத்திலும் பள்ளிவாசலின் குரல் எட்டும் என்ற நம்பிக்கையில் எடுக்கப்பட்ட முயற்சி அது.

சந்தையின் பங்கும் சிறிதல்ல. உலகின் பாம் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் அதிகமானதை இந்தோனேசியாவும் மலேசியாவுமே உற்பத்தி செய்கின்றன. பாம் எண்ணெய் வாங்கும் நாடுகளுக்கு ஒராங் உட்டான்களை அன்பளிப்பாக வழங்கப்போவதாக மலேசிய அமைச்சர் ஒருவர் 2024 மே மாதத்தில் அறிவித்தார். காட்டிலிருந்து விலங்கை மேலும் தொலைவுக்குக் கொண்டுசெல்வது பாதுகாப்பாகுமா எனக் கண்டனங்கள் எழுந்ததும், விலங்குகள் நாட்டைவிட்டு வெளியேறமாட்டா, வாங்கும் நிறுவனங்கள் அவற்றின் பராமரிப்புக்கு உதவலாம் என அத்திட்டம் மாற்றப்பட்டது.

எமது நாட்டின் வெதுப்பகங்களிலும் உணவகங்களிலும் பொரிக்கும் சட்டிகளிலும் அந்நாடுகளிலிருந்து வந்த எண்ணெய் கலந்திருக்கின்றது. எண்ணெய்ப் பனையை முற்றாக ஒதுக்கிவிடுவதும் தீர்வாகாது. அதே அளவு எண்ணெயைப் பெற வேறு பயிர்களுக்கு இன்னும் அதிக நிலம் தேவைப்படும். புதிதாகக் காட்டை அழிக்காமல் விளைந்த எண்ணெயைக் கேட்டு வாங்கும் நாடுகளின் தொகை பெருகும்போதுதான் தோட்டத்தின் எல்லை காட்டின் ஓரத்தில் நிற்கும்.

ஒரு குட்டிக்குக் காட்டைக் கற்பிக்க மனிதருக்கு எட்டு ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன. காட்டிலுள்ள தாய் அதே பணியைச் செலவின்றியும், மனிதரைவிடச் சிறப்பாகவும் செய்து முடிக்கின்றாள். அந்தத் தாயும் அவள் வாழும் மரமும் நிலைத்திருந்தால் காட்டுப் பாடசாலைகளுக்குத் தேவையே இராது. புனர்வாழ்வு நிலையங்கள் செய்துவருவது போற்றத்தக்க பணி என்பதில் ஐயமில்லை. எனினும், புதிய குட்டி எதுவும் வராமையால் அந்நிலையங்களின் கதவுகள் மூடப்படும் நாளிலேயே அப்பணி நிறைவெய்தும்.